கண்ணைத் தொறந்துக்கிட்டு முங்கலாமா?

போன இதழ்ல நீச்சல் பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கன்னு கேட்டிருந்தோம், வந்த லெட்டர்ல பாதிக்கு மேல கண்ணைப் பத்தித்தான். கிணத்துல கத்துக்கிட்டு இப்ப குளத்துலயும் பூல்லயும் புள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருக்கற ஆளு நான், எனக்கு இதுல சொல்ல நெறைய இருக்கு, அதனால இந்த வாரம் முழுக்க கண்ணுதான்.

என் பொண்ணுக்கு 9 வயசு. சம்மர் கேம்ப்ல நீச்சல் சேத்துவிட்டிருக்கேன். அங்க இருக்கற சார் முதல் வாரம் காகிள்ஸே போடக்கூடாது, கண்ணைத் தொறந்துக்கிட்டு முங்குன்னு சொல்றாராம். சாயங்காலம் கண்ணு செவந்து வர்றா, ராத்திரி ட்யூப் லைட்டைச் சுத்தி வானவில் மாதிரி வட்டம் தெரியுதுங்கறா. பயமா இருக்கு, நிப்பாட்டிடட்டுமா?
- வாசகி, திண்டுக்கல்

நிப்பாட்டிடாதீங்கம்மா. அந்த சார் சொல்றதுல பாதி ரொம்பச் சரி, மீதிப் பாதிக்கு நீங்க போய் அவர்கிட்ட பேசித்தான் ஆகணும்.

சரியான பாதியை முதல்ல சொல்லிடறேன். காகிள்ஸ் இல்லாம தண்ணிக்குள்ள கண்ணைத் தொறக்கத் தெரியாத புள்ளையை நான் நீச்சல் தெரிஞ்ச புள்ளைன்னு கணக்குல எடுத்துக்கவே மாட்டேன், ஏன்னா காகிள்ஸ் கழண்டு போற நேரம்தான் ஆபத்தான நேரம். பக்கத்துல நீந்துற பையன் கால் பட்டு ஸ்ட்ராப் அத்துக்கிட்டுப் போகும், இல்லன்னா ஊருக்குப் போன இடத்துல ஆத்துப் படியில வழுக்கி விழுவாங்க, அப்பல்லாம் கையில காகிள்ஸ் இருக்காது. கண்ணை இறுக்கி மூடிக்கிட்ட புள்ளைக்கு மேல எது கீழ எதுன்னே தெரியாம போயிடும். நான் பாத்திருக்கேன், நாலடித் தண்ணி, எந்திரிச்சு நின்னா கழுத்து வெளிய இருக்கும், ஆனா அந்தப் பையன் கண்ணை மூடிக்கிட்டு உள்ளயே உருண்டுக்கிட்டு இருந்தான், தூக்கி நிறுத்தினதும் அவன் கேட்டது "தரை எங்க சார் போச்சு"ன்னுதான். கண்ணைத் தொறந்திருந்தா மங்கலாவாவது தரையோட நீலக் கலர் தெரிஞ்சிருக்கும், காலை ஊனியிருப்பான்.

மீதிப் பாதி என்னன்னா, இதைக் கத்துக்க ஒரு வாரம் முழுசா தேவையில்ல. ஒரு கிளாஸுக்கு ரெண்டு மூணு நிமிஷம் போதும். மத்த நேரமெல்லாம் காகிள்ஸ் போட்டுக்கிட்டே நீந்தலாம். முழு ஒரு மணி நேரமும் வெறுங்கண்ணோட இருன்னு சொல்றது பழைய காலப் பழக்கம். 1972ல ம்யூனிக் ஒலிம்பிக்ஸ்ல மார்க் ஸ்பிட்ஸ் 7 தங்கம் வாங்கினப்ப காகிள்ஸ் போடலதான், அதுக்காக நம்ம புள்ளைங்களும் அப்படியே இருக்கணும்னு ஒண்ணும் இல்ல.

அந்த வானவில் வட்டம் எதனாலன்னு சொல்றேன். நம்ம கண்ணீர்ல சுமார் 0.9 சதவீதம் உப்பு இருக்கு, நீச்சல் குளத்துத் தண்ணியில அந்த அளவு உப்பு கிடையாது. அதனால தண்ணி மெல்ல கருவிழிக்குள்ள இறங்கி, மேல் தோல் லேசா ஊறி வீங்கும். வீங்கின கருவிழி வழியா வெளிச்சம் சிதறி வரும்போதுதான் லைட்டைச் சுத்தி வட்டம் தெரியும். 1983ல அமெரிக்காவுல 50 பேரை பூல்ல நீந்தவிட்டுக் கண்ணைச் சோதிச்சுப் பாத்தாங்க, அதுல 94 சதவீதம் பேருக்குக் கருவிழி மேல்தோல்ல சின்னச் சின்ன உராய்வு இருந்துச்சு, 68 சதவீதம் பேர் இந்த வட்டத்தைப் பாத்தேன்னு சொல்லியிருக்காங்க, ஆனா யாருக்கும் பார்வை குறையல. அதனால உங்க பொண்ணுக்கு வந்திருக்கறது அபூர்வமான எதுவும் இல்ல, சில மணி நேரத்துல தானா அடங்கிடும். ஆனா மறுநாள் காலையிலயும் செவப்பு அப்படியே இருக்கு, பீளை கட்டுது, வெளிச்சத்தைப் பாக்க முடியல, கண்ணுக்குள்ள மணல் விழுந்த மாதிரி வலிக்குதுன்னா அன்னிக்கு நீச்சல் வேண்டாம், நேரா கண் டாக்டர்கிட்ட போங்க.

இன்னொண்ணு, பூல் பக்கத்துல போனதுமே மூக்கைத் துளைக்கிற வாசனை வருதான்னு பாருங்க. நெறைய பேரு அது சுத்தத்தோட வாசனைன்னு நினைச்சுக்கறாங்க, அது தப்பு. க்ளோரின் நம்ம வேர்வை, ஒண்ணுக்கு, உடம்புல பூசின க்ரீம் இதோடெல்லாம் சேர்ந்து க்ளோரமைன்னு ஒண்ணா மாறுது, கண்ணை எரிய வைக்கிறதும் மூக்குல ஏறுறதும் பெரும்பாலும் அந்த க்ளோரமைன்தான். அதனால வாசனை தூக்கலா இருந்தா தண்ணி அழுக்கா இருக்குன்னு அர்த்தம். பூல் நடத்துறவங்ககிட்ட டெஸ்ட் கிட் இருக்கும், "தண்ணியை டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க"ன்னு தைரியமா கேளுங்க, ரெண்டு சின்னக் குழாய்ல தண்ணி எடுத்து சொட்டு விட்டுக் கலர் பாப்பாங்க, ஒரு நிமிஷ வேலை. பிஎச், அதாவது தண்ணியோட அமில-கார அளவு, 7.2லேர்ந்து 7.8க்குள்ள இருக்கணும். நம்ம கண்ணீரோட பிஎச் 7.4 கிட்ட இருக்கறதால அந்த அளவுல எரிச்சல் குறைவா இருக்கும். ஆழமான பக்கத்துல நின்னு பாத்தா அடியில இருக்கற வடிகால் மூடி தெளிவா தெரியணும், அது தெரியலன்னா அந்தத் தண்ணியில கண்ணைத் தொறக்கறது இருக்கட்டும், புள்ளையை எறக்கவே எறக்காதீங்க.

வீட்டுலயே நீங்க பழக்கலாம். வாய் அகலமான அண்டாவோ பேசினோ எடுத்து, காய்ச்சி ஆறின தண்ணி கைக்கு இதமா இருக்கற சூட்டுல ஊத்துங்க, அடியில ஒரு ரூவா, ரெண்டு ரூவா, அஞ்சு ரூவா காசு போடுங்க. மூச்சைப் பிடிச்சு, கண்ணை மூடிக்கிட்டே முகத்தை உள்ள விடச் சொல்லுங்க, முகம் முழுக்க உள்ள போனதுக்கு அப்புறம்தான் கண்ணைத் தொறக்கணும். தொறந்துக்கிட்டே உள்ள போனா தண்ணி வந்து அடிக்கும், கண்ணு தானா மூடிக்கும், புள்ளை பயந்துடும். மூணு எண்ணற வரைக்கும் பாத்துட்டு எத்தனை காசு கிடக்குன்னு சொன்னா போதும். வெளிய வந்ததும் கண்ணைக் கசக்கக் கூடாது, நாலு தடவை இமைச்சா சரியாயிடும். கசக்கறதுதான் பாதி செவப்புக்குக் காரணம். மூணு நாள் இதைச் செஞ்ச புள்ளை பூல்ல எறங்கினா சாருக்கே வேலை மிச்சம்.

எங்க ஊர் காவேரிக் கரை. ஆத்துல ஏது க்ளோரின்? ஆனாலும் ரெண்டு மணி நேரம் ஆட்டம் போட்டுட்டு வந்தா கண்ணு மிளகாப்பழமா செவக்குதே?
- வாசகர், கும்பகோணம்

செவக்கத்தான் செய்யும் தம்பி, இது இன்னிக்கு நேத்து கண்டுபிடிச்சது இல்ல. குறுந்தொகைல ஒரு தோழி தலைவன்கிட்ட சொல்றா, "நீர் நீடு ஆடின் கண்ணும் சிவக்கும்"னு, ரொம்ப நேரம் தண்ணியில ஆடினா கண்ணும் செவந்து போகும், அளவுக்கு மீறிச் சாப்பிட்டா தேனும் புளிக்கும்னு அடுத்த வரி. அப்ப ஏது க்ளோரின்? மேல சொன்ன அதே உப்புக் கணக்குதான், ஆத்துத் தண்ணியிலயும் உப்பு இல்ல, அதோட மணலும் வண்டலும் சேந்து உரசுது. அந்த வரியில எனக்குப் பிடிச்ச வார்த்தை "நீடு"ங்கறது. தண்ணியில ஆடறது தப்புன்னு சொல்லல, நேரம் நீண்டா செவக்கும்னு சொல்லியிருக்காங்க.

நாங்க பசங்க எல்லாம் கிணத்துல குதிச்சு அடியிலேர்ந்து மண்ணெடுத்துட்டு வர்றது வழக்கம், கண்ணைத் தொறந்துதான் முங்குவோம். மழைக்கு அப்புறம் கம்மாய்லயும் குளிப்போம். இப்ப அம்மா கேரளாவுல மூளையைத் திங்குற அமீபான்னு நியூஸ் பாத்துட்டு கிணத்துப் பக்கமே போகக்கூடாதுங்கறாங்க. கண்ணு வழியா அது உள்ள போகுமா?
- வாசகர், சிவகங்கை

கண்ணு வழியா போகாது, மூக்கு வழியாத்தான் போகும். அந்த அமீபா வெதுவெதுப்பான, தேங்கிக் கிடக்கற தண்ணியில இருக்கும், குதிக்கும்போது தண்ணி வேகமா மூக்குல ஏறினா அங்கேருந்து மூளைக்குப் போற வழி பிடிச்சிடும். வர்றது ரொம்ப அரிது, ஆனா வந்தா பொழைக்கறது கஷ்டம், அதனால உங்க அம்மா பயப்படறதுல அர்த்தம் இருக்கு. கோடையில வத்திப்போய் அடியில பாசி பிடிச்சுக் கிடக்கற தண்ணியில குதிக்காத, குதிச்சே ஆகணும்னா மூக்கை இறுக்கிப் பிடிச்சுக்க.

ஆனா நீ கேக்காத ஒண்ணு இருக்கு, அதைத்தான் நான் முக்கியமா சொல்லணும்னு நினைக்கறேன். உன்னைவிடச் சின்னப் பசங்க கம்மாய்லயும் ஊருணிலயும் கண்ணைத் தொறந்துக்கிட்டு முங்கறாங்கல்ல, அவங்களுக்குக் கண்ணுலயே வர்ற நோய் சிலது நம்ம பக்கத்துல உண்டு. நம்ம தென் மாவட்டத்துலயும் இலங்கையிலயும் மூக்குக்குள்ள செவப்பா, தொட்டா ரத்தம் வர்ற சதை வளர்ற நோய் ஒண்ணு இருக்கு, ரைனோஸ்போரிடியோசிஸ்னு பேரு, கால்நடை குளிக்கிற குளத்துல குளிக்கிறவங்களுக்குத்தான் அதிகம் வரும். அது இமைக்கு உள்பக்கத்துலயும் வளரும், ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். அப்புறம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் 2001ல ஒரு விஷயத்தை எழுதினாங்க. ஒரே கிராமத்துச் சின்னப் பசங்க, ஊர்த் தண்ணியில நீந்துறவங்க, அவங்க கண்ணோட வெள்ளையில சின்னச் சின்னக் கட்டி. எடுத்துச் சோதிச்சா அது ஒரு தட்டைப்புழுவால வந்தது. அந்த மாதிரிப் புழு நத்தைக்குள்ள வளர்ந்து தண்ணிக்குள்ள வெளிய வரும், கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டு நத்தை இருக்கற தண்ணியில முங்கற பையன்கிட்ட ஒட்டிக்கும். அதனால கரையோரக் கல்லுல, தண்டுல நத்தை அப்பிக் கிடக்கற குளத்துல தலையை முக்காத.

எலிக்காய்ச்சல் இன்னொண்ணு. எலி மூத்திரம் கலந்த தண்ணி கண்ணுல பட்டாலே போதும், கால்ல காயம் இருக்கணும்னு கூட இல்ல. மழை பெஞ்சு ஊர்த் தெருத் தண்ணியெல்லாம் வழிஞ்சு கம்மாய்க்கு வர்ற முதல் வாரம் இருக்கே, எல்லாருக்கும் ஆசை வர்ற வாரமும் அதான், அந்த வாரம் எறங்காத. கொஞ்ச நாள் பொறு, தண்ணி தெளியட்டும்.

அப்ப எந்தத் தண்ணியில தொறக்கலாம்? பம்புசெட் தினமும் ஓடி, ஊத்து சுரந்து, தண்ணி மாறிக்கிட்டே இருக்கற கிணறு எனக்குப் பிடிக்கும். அங்கயும் படியில நின்னு பாத்தா ரெண்டாள் ஆழம் வரைக்கும் படிக்கல்லு தெரியணும். மண்ணெடுக்கற ஆட்டத்துல கீழ போகப் போக இருட்டிடும், அடிய நெருங்கினதும் சேறு கலங்கி ஒண்ணுமே தெரியாது, அதனால கையை முன்னாடி நீட்டிக்கிட்டே போகணும். உடைஞ்ச மோட்டார் பைப்பு, கம்பி, கண்ணாடி பாட்டில் எல்லாம் அடியில கிடக்கும். கண்ணு தொறந்திருக்கேங்கற தைரியத்துல தலையை முன்னால விட்டு அடிபட்டவங்களை நான் பாத்திருக்கேன்.

காகிள்ஸ் போட்டுக்கிட்டு கிணத்துல டைவ் அடிக்கலாமா?
- வாசகர், நாமக்கல்

கூடாது. மேலேருந்து குதிக்கும்போது தண்ணி அடிக்கிற வேகத்துல காகிள்ஸோட விளிம்பு கண்ணுக்குழியில குத்தும். ஆழத்துக்கும் போகக்கூடாது, ஏன்னா 10 மீட்டர் இறங்கினா மேல இருக்கறதைவிட அழுத்தம் ரெண்டு மடங்கு ஆகுது, அதுல பாதி ஆழத்துலயே காகிள்ஸுக்குள்ள இருக்கற காத்து சுருங்கி கண்ணை வெளிய இழுக்கற மாதிரி உறிஞ்சும், வெள்ளை முழியில ரத்தம் கட்டிடும். ஆழத்துக்குப் போறவங்க போடற மாஸ்க்ல மூக்கும் உள்ள இருக்கும், மூக்கால காத்தை விட்டு அழுத்தத்தைச் சரி பண்ணிக்குவாங்க, காகிள்ஸ்ல அதுக்கு வழியே இல்ல. காகிள்ஸ் மேல்தண்ணியில நீந்தறதுக்கு மட்டும்தான்.

எனக்கு மைனஸ் 5 பவர். தண்ணிக்குள்ள என் ஃப்ரெண்டுக்கும் எனக்கும் ஒரே மாதிரிதான் மங்கலா தெரியுது, அவளுக்கு கண்ணாடியே கிடையாது. எப்படி? கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கிட்டு நீந்தலாமா?
- வாசகி, கோயம்புத்தூர்

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில், வேண்டவே வேண்டாம். குழாய்த் தண்ணி, கிணறு, பூல் எல்லாத்துலயும் அகாந்தமீபான்னு ஒரு அமீபா இருக்கும். லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவுல அது மாட்டிக்கிட்டா கருவிழியை அரிச்சிடும், வலி உயிர் போகும், மாசக்கணக்குல மருந்து விடணும், சில பேருக்குப் பார்வையே போயிருக்கு. க்ளோரினுக்கும் அது லேசுல சாகாது. பவர் வச்ச காகிள்ஸ் கடையில கிடைக்குது, அதை வாங்கிக்கங்க.

மங்கலுக்குக் காரணம் இதுதான். நம்ம கண்ணோட மொத்த பவர் சுமார் 60 டயாப்டர், அதுல 43 போல கருவிழி மட்டுமே தர்றது, முக்கியமா அதோட வளைஞ்ச முன்பக்கம். காத்துலேருந்து கருவிழிக்குள்ள நுழையும்போது வெளிச்சம் நல்லா வளையும், ஆனா தண்ணியும் கருவிழியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பொருள், அதனால தண்ணிக்குள்ள வெளிச்சம் வளையாமலே உள்ள வந்துடுது. 40 பவர் ஒரே நொடியில காணாம போற மாதிரி. உங்க மைனஸ் 5 அதுல ஒரு சின்ன உதவிதான் பண்ணும், அந்த 40க்கு முன்னாடி அது தெரியவே தெரியாது. காகிள்ஸ் போட்டதும் கண்ணுக்கு முன்னாடி மறுபடி காத்து வந்துடுது, அதான் தெளிவு.

ஆனா இந்தக் கணக்கையும் மீறின புள்ளைங்க இருக்காங்க. தாய்லாந்து, பர்மா பக்கம் அந்தமான் கடல்ல படகுலயே வாழ்ந்து வந்த மோக்கன்னு ஒரு ஜனம். ஸ்வீடன்ல இருக்கற லுண்ட் பல்கலைக்கழகத்து அன்னா கிஸ்லேன் அங்க போய் அந்தப் புள்ளைங்களைச் சோதிச்சு 2003ல எழுதினாங்க, ஐரோப்பியப் புள்ளைங்களைவிட ரெண்டு மடங்கு தெளிவா தண்ணிக்குள்ள பாக்குறாங்கன்னு. கருவிழி நடுவுல இருக்கற கண்பாப்பாவை 1.96 மில்லிமீட்டர் வரைக்கும் சுருக்கிடறாங்க, ஐரோப்பியப் புள்ளைங்களுக்கு 2.5 தான், அதோட கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸையும் முடிஞ்ச மட்டும் குவிக்கிறாங்க. இது பிறவியிலேயே வந்ததோன்னு ஒரு கேள்வி இருந்துச்சு, அப்புறம் ஸ்வீடன் புள்ளைங்களுக்குப் பழக்கிப் பாத்தா அவங்களுக்கும் வந்துடுச்சு. எனக்கு இதைப் படிச்சப்ப அவ்வளவு சந்தோஷம், ஏன்னா காசு போட்டு எடுக்கற ஆட்டத்துல பழகின பசங்க மத்தவங்களைவிடச் சீக்கிரம் கண்டுபிடிச்சிடறதை நான் வருஷக்கணக்கா பாத்துக்கிட்டு இருக்கேன்.

எங்க தாத்தா மன்னார் வளைகுடாவுல சங்கு குளிச்சவர். கண்ணாடி எதுவும் போட்டதில்லன்னு சொல்வார். கடல் உப்பு கண்ணைக் கெடுக்காதா?
- வாசகர், தூத்துக்குடி

உங்க தாத்தா மாதிரி ஆளுங்க முன்னாடி நான் கைகட்டி நிக்கணும். முத்துக் குளிச்ச காலத்துல கயித்துல கட்டின கல்லு மேல காலை வச்சு எறங்கி, மூச்சு தாங்கற ஒரு நிமிஷத்துல அடியில துழாவி எடுத்துட்டு மேல வருவாங்க, வெறுங்கண்ணுதான். தூத்துக்குடியில கடைசி முத்துக்குளிப்பு 1961ல நடந்துச்சு. அவங்க கண்ணுக்கும் மங்கலாத்தான் தெரிஞ்சிருக்கும், ஆனா மணல் எது, பாறை எதுன்னு அந்த மங்கலுக்குள்ளயே பிரிக்கத் தெரிஞ்சவங்க, மீதியைக் கை பாத்துக்கும். கடல்ல 3.5 சதவீதம் உப்பு, கண்ணீரைவிடப் பல மடங்கு, அதனால முதல்ல சுருக்குன்னு எரியும், ஆனா பூல் தண்ணி மாதிரி கருவிழியை ஊற வைக்காது. தினம் போனா எரிச்சல் பழகிடும். வெளிய வந்து நல்ல தண்ணியில முகம் கழுவினா போதும். கடல்காரங்க கண்ணைக் கெடுக்கறது வெயிலும் உப்புக் காத்தும்தான், வெள்ளை முழியிலேருந்து சதை வளர்ந்து கருவிழி மேல ஏறும். தாத்தா இருந்தா அதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

குளிச்சுட்டு வந்து கண்ணு செவந்தா மாமியார் விளக்கெண்ணெய் விடச் சொல்றாங்க, தாய்ப்பால் விடலாம்கறாங்க பக்கத்து வீட்டு அக்கா.
- வாசகி, தேனி

ரெண்டும் வேண்டாம்மா, உராய்வு இருக்கற கண்ணுல கிருமியைக் கொண்டுபோய் விட்ட மாதிரி ஆயிடும். முந்தானையைச் சுருட்டி வாயால ஊதி ஒத்தடம் கொடுக்கறது இருக்குல்ல, அது இதமா இருக்கும், துணி சுத்தமா இருந்தா கொடுங்க. அதுக்கும் மேல வேணும்னா மெடிக்கல்ல கிடைக்கிற செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து போதும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மட்டும் டாக்டர் சொல்லாம வாங்கிடாதீங்க.

எனக்கு 52 வயசு. ஆத்தங்கரையில பொறந்தும் நீச்சல் கத்துக்கல, தண்ணி முகத்துல பட்டாலே கண்ணை இறுக்கிக்குவேன். இனிமே இதெல்லாம் முடியுமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

முடியும்கா. மோக்கன் புள்ளைங்க மாதிரி குவிச்சுப் பாக்க வராது, 40 தாண்டினா கண் லென்ஸ் விறைச்சிடும், அவங்க பெரியவங்களுக்கே அது வராது. ஆனா உங்களுக்குத் தேவை தெளிவு இல்ல, அந்த இறுக்கம் விடணும், அவ்வளவுதான், அதுக்கு வயசு தடையில்ல. கண்புரை ஆபரேஷன் ஏதாவது பண்ணியிருந்தா மட்டும் டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் பொறுங்க.

தாமிரபரணிக்கு இப்பவே போகாதீங்க. வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு, ஒரு பேசின் தண்ணி, அடியில ஒரே ஒரு அஞ்சு ரூவா காசு. முதல் ரெண்டு நாள் முகத்தை மட்டும் முக்கி எடுங்க, கண்ணைத் தொறக்கவே வேண்டாம். மூணாம் நாள் ஒரு கண்ணு, அப்புறம் ரெண்டும். காசு பூவா தலையான்னு தண்ணிக்குள்ள பாத்துச் சொல்ல முடியற அன்னிக்கு எனக்கு ஒரு கார்டு போடுங்க, அடுத்து என்ன பண்ணணும்னு அதுக்கப்புறம் எழுதறேன்.